'எது ரொம்பப் பழசு?' என்று பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழடி அருங்காட்சியகத்தில் காதில் விழக்கூடிய பேச்சு இது: "இந்தச் செங்கல்லைத்தான் கார்பன் டெஸ்ட் பண்ணி 2600 வருஷம்னு கண்டுபிடிச்சாங்க." செங்கல்லை அப்படிச் சோதிக்க முடியாது. கார்பன் கணக்கு ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் பொருந்தும்: மரக்கரி, எலும்பு, நெல். உயிர் போனதும் அதிலுள்ள கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் தேயத் தொடங்கும். 5730 ஆண்டில் பாதியாகிவிடும்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கார்பன் மாதிரி அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய் கி.மு. 580 என்று வந்தது. 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205. அந்தந்த மண்ணடுக்கில் கூடவே கிடந்ததால்தான் பானைக்கும் செங்கல்லுக்கும் அந்த வயதைக் கொடுக்கிறோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மரக்கரி சொல்வது மரம் வளர்ந்த காலத்தை, அடுப்பில் எரிந்த நாளை அல்ல. பழைய உத்தரத்தை உடைத்து எரித்திருந்தால் வயது கூடுதலாகக் காட்டும். சுமார் 50,000 ஆண்டைத் தாண்டினால் கார்பன்-14 அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே டைனோசர் எலும்பையோ மலையையோ கார்பனில் அளந்ததாக வாட்ஸ்அப்பில் வந்தால், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

சரி, மலைக்கு வருவோம். ஒத்தக்கடை பக்கம் யானைமலையைக் காட்டி 'இதற்கு வயசு என்ன?' என்று கேட்டால், எந்த வயது என்று திருப்பிக் கேட்க வேண்டும். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையின் கல்வெட்டு கி.பி. 770-ஐச் சேர்ந்தது. பாறையின் கதை வேறு. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகளில் பெரும்பகுதி சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் மறுபடி வெந்து உருமாறியது. வெந்ததற்கு முந்தைய மூலப்பாறை இன்னும் மூத்தது. இந்த வட்டாரத்தின் வடபகுதியில் அது சுமார் 250 கோடி ஆண்டு வரை போகிறது. குடைந்தது, வெந்தது, முதலில் உருவானது என்று மூன்று நிகழ்ச்சிகள், மூன்று வயது. எதிலிருந்து எண்ணுகிறோம் என்று சொல்லாமல் 'பழமையானது' என்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும்.

பூமியின் மிகப் பழைய பொருள் விஷயத்திலும் இதே கதை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கான் படிகத்துக்குச் சுமார் 440 கோடி வயது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குருணை அது. மேலூர்ப் பக்கத்து கிரானைட்டிலும் சிர்கான் உண்டு, வயதுதான் அவ்வளவு இல்லை. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அண்டவே விடாது. யுரேனியம் சிதைந்துதான் ஈயமாகும். அதனால் இன்று உள்ளே இருக்கும் ஈயமெல்லாம் பிற்பாடு அங்கேயே பிறந்தது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும் என்பதால், இரண்டின் விகிதத்தை வைத்து வயதைக் கணக்கிடலாம். ஆனால் ஜாக் ஹில்ஸில் அந்தக் குருணை பதிந்திருக்கும் பாறைக்கு வயது சுமார் 300 கோடிதான். 'மிகப் பழைய பாறை' என்று எழுதினால் தவறு. முழுப் பாறை என்றால் கனடாவின் அகாஸ்டா நைஸ் (வெப்பத்தில் உருமாறிய ஒரு வகைப் பாறை), சுமார் 403 கோடி.

பூமியின் வயதே 454 கோடி என்கிறார்களே, அந்தக் கல் எங்கே? பூமியில் அப்படியொரு கல் கிடைக்கவில்லை. அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1956-இல் வெளியிட்ட கணக்கு விண்கற்களிலிருந்து வந்தது. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லின் வெள்ளைத் துணுக்குகளுக்கு 456.7 கோடி. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசனில் சூரியனுக்கும் முந்திய விண்மீன் தூசு இருந்தது. சில துகள்களுக்கு 700 கோடி வரை போகலாம் என்று 2020-இல் ஆய்வு வந்தது.

வானத்துக்குப் போனால் தவறு தலைகீழாகிவிடுகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 'மிகப் பழைய விண்மீன் மண்டலத்தைக் கண்டது' என்று தலைப்பு போடுகிறார்கள். அது காட்டுவது பெருவெடிப்புக்கு, அதாவது பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கு, சுமார் 28 கோடி ஆண்டு கழித்து இருந்த குழந்தை மண்டலத்தை. பழையது நமக்கு வந்து சேர்ந்த ஒளி. அந்த ஒளி சுமார் 1350 கோடி ஆண்டு பயணித்தது என்பதால் தூரத்தை 1350 கோடி ஒளியாண்டு என்று எழுதுவதும் தவறு. வழியெல்லாம் வெளி விரிந்துகொண்டே இருந்ததால் இன்றைய தூரம் 3300 கோடி ஒளியாண்டுக்கு மேல்.

அப்புறம் 'பிரபஞ்சத்தை விட மூத்த நட்சத்திரம்' என்று வந்த அந்தச் செய்தி. துலாம் திசையில் சுமார் 200 ஒளியாண்டில் இருக்கும் எச்டி 140283-க்கு 2013-இல் 1446 கோடி என்று கணக்கு வந்தது. பிரபஞ்சத்துக்கே 1380 கோடிதான். செய்தியில் விட்டுப்போனது 'கூடக்குறைய 80 கோடி' என்ற பகுதி. அதைச் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடே இல்லை. பிந்தைய கணக்குகள் வயதை இன்னும் குறைத்தும் விட்டன.

எண்ணிலும் ஒரு கவனம்: பில்லியன் 100 கோடி, மில்லியன் 10 லட்சம். பூமிக்கு '4.5 கோடி' என்று அச்சானதெல்லாம் இதில் சறுக்கியதுதான்.

பழையது என்றாலே அரியது என்பதும் ஒரு நினைப்பு. வைகைத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களுக்குள் உருவானவை; குடத்தில் இருப்பதும் அதேதான்.

கண்மாயில் கிடைத்த கறுப்புக் கல்லை விண்கல் என்று பூஜை அலமாரியில் வைப்பவர்களுக்கு: காந்தம் ஒட்டுவது மட்டும் சாட்சியில்லை, இரும்புக் கசடும் ஒட்டும். உடைந்த இடத்தில் குமிழ் ஓட்டைகள் நிறைய இருந்தால் பெரும்பாலும் கசடுதான். கனமாக, ஓட்டையில்லாமல், மேலே மெல்லிய கருகிய தோலோடு இருந்தால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கலாம். நாட்டில் விழும் விண்கற்களைச் சேகரித்துப் பாதுகாப்பது அவர்கள்தான். அதுவரை எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள்.