வாட்ஸைக் கேட்டு பாக்ஸ் வாங்காதீர்கள்: மெல்லிசைக் குழுக்கள் செட் வாங்கும்போது செய்யும் தவறுகள்

எங்கள் மெல்லிசைக் குழு சொந்தமாக சவுண்ட் செட் (ஸ்பீக்கர் பாக்ஸ், மிக்ஸர் எல்லாம்) வாங்கப் போனபோது கடையில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை வாட்ஸ்ணே?” என்பதுதான். முதுகில் 2000 வாட்ஸ் என்று ஒட்டியிருந்த இரண்டு பாக்ஸ்களை வாங்கிக் குட்டியானையில் ஏற்றினோம். பதினைந்தே நாளில் விருதுநகர் பக்கம் ஒரு கோயில் பொங்கல் கச்சேரி. திடலின் பின்பாதியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாட்டு வரி புரியவில்லை. மேடையில் நின்ற எங்களுக்கோ காது கிழிந்தது. விழாக் கமிட்டிக்காரர் மேடையேறி வந்து, “தம்பி, போன வருஷ மைக்செட்டே தேவலை” என்றார்.

அந்த 2000 கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து தாங்கும் அளவு ஆர்எம்எஸ் என்றோ கன்டினியுவஸ் என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் பாதியோ கால்வாசியோதான் வரும், மலிவுப் பெட்டிகளில் அதற்கும் கீழே போகலாம். சரி, நிஜமாகவே வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு அது). காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கு’ என்று தோன்றும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் அளவுக்குக் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் கேட்கும். ஆகவே சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் என்ற கணக்கு அது. 97 டெசிபல் காட்டும் 500 வாட்ஸ் பாக்ஸும் 94 டெசிபல் காட்டும் 1000 வாட்ஸ் பாக்ஸும் ஒரே சத்தம்தான் போடும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே இருக்கும் பாக்ஸ் என்றால் ‘மேக்ஸ் எஸ்பிஎல்’, அதாவது அதிகபட்சம் போடும் சத்தம், எவ்வளவு என்று கேளுங்கள்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் போய்விடும். ஒரு மீட்டரில் 126 என்றால் 32 மீட்டரில் 96. அதற்கும் பின்னால் கூட்டம் இருந்தால் மேடைப் பாக்ஸை முறுக்கிப் பிரயோஜனமில்லை; நடுத்திடலில் இன்னொரு ஜோடி வைக்க வேண்டும். வயரில் போகும் ஒலி அங்கே உடனே வந்துவிடும், மேடையிலிருந்து காற்றில் வருவது பிந்தும்; அந்த ஜோடிக்குத் தாமதம் (டிலே) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். ஒலி 34 மீட்டர் போக ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் ஆகும், அதை வைத்துக் கணக்குப் போடலாம். கல்யாண மண்டபத்தில் கதை தலைகீழ். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் இருக்கிற இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும். அங்கே பாக்ஸை ஸ்டாண்டில் தலைக்கு மேல் உயர்த்தி, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் கொஞ்சம் சாய்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தரையில் வைத்தால் முன்வரிசை வேட்டி சேலைகளே மேல்சுரத்தை முழுங்கிவிடும்.

எல்லா மைக்கையும் வாத்தியத்தையும் சேர்த்துக் கலக்கும் மிக்ஸருக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான் என்பது என் கணிப்பு. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மேடையை வரைந்து வயர்களை எண்ணுங்கள். எங்கள் கணக்கு இது: ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் தாளக் கருவி) 2, இரண்டு கீபோர்டுக்கு 4, பேஸ் கிட்டாரும் லீட் கிட்டாரும் சேர்ந்து 2, தபேலா 2, டோலக் 2, புல்லாங்குழல் 1, பாடகர்கள் 4, தொகுப்பாளர் 1, லேப்டாப் ட்ராக் 2. மொத்தம் 20. நாங்களோ 16 சேனல் போதும் என்று நினைத்திருந்தோம். அந்தப் பதினாறிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யமஹா எம்ஜி16எக்ஸ்யூவைப் பாருங்கள்: பெயரில் 16, மைக் செருகும் இடம் 10 மட்டுமே, மிச்சம் ஸ்டீரியோ லைன், அதாவது மைக் செருக முடியாத இடம். கம்பெனி எதையும் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறது. செருகும் இடங்களை எண்ணிப் பார்க்காதது நம் தவறு. கீபோர்டையும் கிட்டாரையும் டிஐ பாக்ஸ் (வாத்திய ஒலியை மைக் வயருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக நீள வயரில் கொண்டுவந்தால் அவையும் மைக் இடத்தைத்தான் பிடிக்கும்.

அடுத்து மானிட்டர், மேடையில் நமக்கே நம் சத்தம் கேட்க வைக்கும் பாக்ஸ். ‘பப்ளிக்குக் கேட்டால் போதும், நமக்கு அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் பாடகர் சுதி விலகுவார், தன் குரல் கேட்கவில்லை என்று இன்னும் கத்துவார், மைக் கூவ ஆரம்பிக்கும். மிக்ஸரில் ஃபேடருக்கு (வெளியே போகும் சத்தத்தை ஏற்றி இறக்கும் நழுவு பட்டன்) முன்பே பிரியும் ஆக்ஸ் (மானிட்டருக்குத் தனியாக ஒலி அனுப்பும் வழி) எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். ஃபேடருக்குப் பின் பிரிவதாக இருந்தால், வெளியே குரலை ஏற்றும் போதெல்லாம் மானிட்டரிலும் ஏறி ஊளையிடும். எங்களுக்குக் குறைந்தது நான்கு ஆக்ஸ் வேண்டியிருந்தது: பாடகர், தாளக்காரர்கள், கீபோர்டு, கிட்டார். அந்தப் பழைய 2000 வாட்ஸ் பாக்ஸ்கள் இன்று ஆக்டோபேட்காரர் காலடியில் சாய்ந்து கிடக்கின்றன. அந்த வேலைக்கு அவை அருமை.

டிஜிட்டல் மிக்ஸரா, அனலாகா? ஒரே குழு, ஒரே வாத்தியங்கள் என்றால் டிஜிட்டல்தான் என் ஓட்டு. போன கச்சேரி செட்டிங்கை அப்படியே திரும்ப எடுக்கலாம். ஆனால் டேப்லெட்டில் மட்டும் ஓடும் பெட்டி வாங்கினால் அதோடு வரும் வைஃபையை நம்பாதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் போன் இருக்கும். பாட்டின் நடுவில் இணைப்பு அறுந்தால் கையில் ஒரு குமிழ்கூட இருக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி மேடையிலேயே வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் அசட்டை கூடாது. ‘ஊம்’ என்று ஹம் வருகிறது என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். ஹம் போகும். ஆனால் ஏதாவது ஒரு கருவியில் கரண்ட் லீக் இருந்தால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கிறவர் வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். எர்த் பின்னைத் தொடாமல் ஹம்மைப் போக்கத்தான் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது. சீரியல் செட்டும் டிம்மரும் ஓடும் லைனிலிருந்து செட்டுக்கு எடுக்காதீர்கள். மேடையும் மிக்ஸரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். த்ரீ பேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய பாயின்டில் 400ஐ நெருங்கி ஏறக்கூடும். அதிக வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் கட்-ஆஃப் விலை, எரிந்த ஆம்பின் விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

பெரிய பேஸ் பாக்ஸ்மீது ஆசை இருந்தால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் நினைவில் வையுங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அரசு ஆண்டில் 15 நாள் வரை நள்ளிரவுவரை தளர்த்தலாம், அவ்வளவுதான்.

கடையில் பென்டிரைவ் பாட்டைப் போட்டுக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஸ்டூடியோவில் மெருகேற்றிய பாட்டு எந்த பாக்ஸிலும் இனிக்கும். உங்கள் பாடகரைக் கூட்டிப்போய், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மைக்கிலேயே பேசவும் பாடவும் வையுங்கள். இன்னும் நல்லது, அதே மாடல் வைத்திருக்கும் மைக்செட்காரரிடம் ஒரு கச்சேரிக்கு வாடகைக்கு எடுப்பது. ஏற்றி இறக்க எத்தனை பேர் வேண்டும் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.