இலை உதிர்ந்த ஈழத்தலரிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

நர்சரிகளில் பிளுமேரியா என்று விற்கும் ஈழத்தலரியின் பிறப்பிடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்குள்ள வறண்ட காடுகளில் மழை சில மாதங்கள்தான். அது நின்றதும் மரம் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு, தடித்த கிளைகளில் சேர்த்துவைத்த நீரோடு ஓய்வெடுக்கும். தொட்டியில் வளர்த்தாலும் இந்தப் பழக்கம் போகாது.

இது தெரியாமல் செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இலை கொட்டியதும் ‘ஐயோ, செடி காய்கிறதே’ என்று பதறித் தினமும் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். இலையில்லாத மரம் அவ்வளவு நீரை எங்கே செலவழிக்கும்? மண்ணிலேயே ஈரம் தங்கி வேர் அழுகிவிடும். சந்தேகமாக இருந்தால் கிளையை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பயமில்லை, தோல் லேசாகச் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. கொழகொழவென்று அமுங்கினால் அது அழுகல். உள்ளே பழுப்பு மறைந்து வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டிவிட்டு, நல்ல பகுதியை மறுபடி நடலாம். மற்றபடி, நுனியில் துளிர் எட்டிப் பார்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர்விட ஆரம்பித்தால் போதும்.

அப்புறம், வெட்டிய கையோடு போத்தை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டை, மண்ணில் ஊன்றாதீர்கள். பால் வடியும் அந்தப் பச்சைக் காயம் வழியாகவே அழுகல் ஏறும். நிழலில் ஒன்றிரண்டு வாரம் போட்டுவைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல்போல மூடியதும் நடுங்கள். அந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். கையுறை அவசியம்.

பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். அழகுக்காக நுனிகளைக் கத்தரித்தால் அந்தப் பருவத்துப் பூ போயிற்று. பூத்த நுனி தானாகவே இரண்டு மூன்றாகக் கிளைக்கும், அவசரப்பட வேண்டாம். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும், 6 மணி நேரமாவது நேர் வெயில் கிடைக்காவிட்டாலும் இலைதான் மண்டும்.

இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய், ஒரு பூஞ்சை. அந்த இலைகளைக் கிள்ளியதோடு நிறுத்தாமல், கீழே விழுந்தவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

பகலில் முகர்ந்துவிட்டு ‘இதில் மணமே இல்லை’ என்று செடியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். இருட்டிய பிறகு அருகே போய் நில்லுங்கள். பூவில் ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது. ஆனாலும் அந்த மணத்தை நம்பி, அதன் சொந்தக் காட்டில் பருந்து அந்துப்பூச்சி எனப்படும் இரவுப் பூச்சிகள் பூவுக்குப் பூ தேனைத் தேடி அலையும். மகரந்தம் ஊர் மாறுவது அப்படித்தான்.