அந்தர் பல்டிக்கு இங்கிலீஷில் என்ன?

ஆபீஸ் மெயிலில் எந்தத் திருப்பம் வந்தாலும் ‘சடன் சேஞ்ச்’ என்றே எழுதிச் சமாளிப்பவர்களுக்கான பாடம் இது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்குப் பேச்சு இங்கிலீஷ் ஓடிவிடும். எழுத உட்கார்ந்தால்தான் சொல் சிக்காது. ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸைத் திறந்தால் ஒன்றுக்குப் பத்து வந்து விழும். எதை எடுப்பது என்பதுதான் பாடு.

படி 1: திரும்பியது ஆளா, நிலைமையா?

தமிழிலேயே இந்தப் பிரிவு உண்டு. ஆள் பல்டி அடிப்பார், நிலைமை தலைகீழாகும். ஆள் தன் பேச்சை மாற்றினால் யூ-டர்ன், வோல்ட்-ஃபாஸ், ஃபிளிப்-ஃப்ளாப், பேக்டிராக். நிலைமை மாறினால் ரிவர்சல், டர்னரவுண்ட், செட்பேக், அப்செட். இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: பல்டியின் எடை

யூ-டர்ன் எங்கும் செல்லும். எந்த விஷயத்தில் பல்டி என்பதற்கு முன்னால் ‘ஆன்’ போடுங்கள்: ‘யூ-டர்ன் ஆன் தி லீவ் பாலிசி’. ‘டேக் எ யூ-டர்ன்’ நம் ஊரில் செல்லுபடியாகும். வெளிநாட்டு கிளையன்டுக்கு எழுதும்போது ‘மேக்’ அல்லது ‘டூ’ போடுவது நல்லது.

வோல்ட்-ஃபாஸ் இத்தாலியனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று பொருள். எழுத்தைப் பார்த்து ‘ஃபேஸ்’ என்று வாசித்துவிடாதீர்கள். தலையங்கத்துக்கு அழகு, மெயிலுக்கு அலட்டல்.

ஃபிளிப்-ஃப்ளாப்பில் ஏளனம் இருக்கிறது. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளர் ஜான் கெர்ரி மீது எதிரணி குத்திய முத்திரை அதுதான். மேனேஜரைப் பற்றி எழுத வேண்டாம். கடையில் கேட்டால் ரப்பர் செருப்பு கிடைக்கும், அது வேறு.

அறிவித்த கட்டணத்தையோ விதியையோ திரும்பப் பெறுவதற்கு நம் பத்திரிகைகள் வைத்திருக்கும் சொல் ரோல்பேக். 2025 பிப்ரவரி 9 அன்று பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’ ரயில் கட்டணம் ஏறியது. எதிர்ப்பு கிளம்பியதும் 14-ஆம் தேதியிலிருந்து சில தூரங்களுக்கு மட்டும் குறைத்தார்கள். உச்சக் கட்டணம் 90 ரூபாய் அசையவில்லை. இதை யூ-டர்ன் என்றால் மிகை. ‘பார்ஷியல் ரோல்பேக்’ என்றால் அளவாக இருக்கும்.

படி 3: அப்செட் (இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்)

தமிழில் ‘அவன் அப்செட்’ என்றால் மனசு சரியில்லை, அவ்வளவுதான். அதனால் ‘எ பிக் அப்செட்’ என்று தலைப்பைப் பார்த்ததும் யாரோ வருத்தத்தில் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். விளையாட்டிலும் தேர்தலிலும் அதன் பொருள் வேறு: ஜெயிப்பார் என்று யாரும் நினைக்காதவர் ஜெயிப்பது.

2011 மார்ச் 2, சின்னசாமி மைதானம், உலகக் கோப்பை. இங்கிலாந்து 327. அயர்லாந்து 111-க்கு 5 விக்கெட். கெவின் ஓ’பிரையன் 50 பந்தில் சதம் அடிக்க, மூன்று விக்கெட்டில் அயர்லாந்து வென்றது. முடிவு ஓர் அப்செட். 111-க்கு 5 என்ற இடத்திலிருந்து ஆட்டம் மாறியது டர்னரவுண்ட். அதே இடத்திலிருந்து பலமான அணி மீண்டு ஜெயித்திருந்தால் அது கம்பேக், அப்செட் ஆகாது.

உச்சரிப்பிலும் ஒரு சூட்சுமம். பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் ‘அப்’ மேல். மனசு சரியில்லை என்னும்போதும், வினையாக வரும்போதும் ‘செட்’ மேல். இரண்டையும் நாலு முறை வாய்விட்டுச் சொன்னால் பிடிபடும்.

(அப்செட் என்ற குதிரை 1919-ல் மேன் ஓ’ வார் என்ற புகழ்பெற்ற குதிரையைத் தோற்கடித்ததால் இந்தச் சொல் வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. பந்தயம் நடந்தது உண்மை. ஆனால் சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.)

படி 4: ‘ஆயிடுச்சு’வை அப்படியே மாற்றாதீர்கள்

‘பிளான் பேக்ஃபயர் ஆயிடுச்சு’ என்று நினைத்துக்கொண்டு எழுதுவதால்தான் ‘தி பிளான் காட் பேக்ஃபயர்டு’ என்று கை போகிறது. தப்பு. பேக்ஃபயர் (போட்ட திட்டம் நமக்கே எதிராகத் திரும்புவது) தானே நடக்கும் வினை; ‘காட்’டும் வேண்டாம், ‘வாஸ்’ஸும் வேண்டாம். ‘தி பிளான் பேக்ஃபயர்டு’, முடிந்தது. யார் தலையில் விடிந்தது என்று சொல்ல ‘ஆன்’: ‘இட் பேக்ஃபயர்டு ஆன் அஸ்’.

எந்த அகராதி? தெசாரஸை மூடி வையுங்கள். அது சொல்லைக் கொடுக்கும், எடையைக் கொடுக்காது. கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நடத்தும் இலவச ஆன்லைன் அகராதிகளில் ‘இன்ஃபார்மல்’, ‘டிசப்ரூவிங்’ போன்ற குறிப்பு சொல்லோடே இருக்கும். ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பும் கேட்கும். நோட்டில் எழுதும்போது சொல்லை மட்டும் எழுதாமல் பின்னால் ஒட்டும் ‘ஆன்’, ‘ஃப்ரம்’, ‘இன்’ எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: ஐடி ஆபீஸில் ‘டர்னரவுண்ட் டைம்’ என்றால் வேலையை வாங்கி முடித்துத் திருப்பிக் கொடுக்க ஆகும் நேரம்; மீட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நஷ்டத்திலிருந்து மீண்டதைச் சொல்ல வேண்டுமானால் ‘டர்னரவுண்ட் இன் சேல்ஸ்’ என்று எதில் என்பதையும் சேர்த்துவிடுங்கள். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இவை எதுவும் பொருந்தாது, அதற்கு ஃப்ளூக். சும்மா கிடைத்த பணம் என்றால் விண்ட்ஃபால், காற்றில் உதிர்ந்த பழம்.