தேசியக் காட்டுக்குள் இ-பைக் ஓட்டப் போகிறீர்களா? முதலில் இந்த வரைபடத்தைப் பாருங்கள்

புதிதாக இ-பைக் (மின் மோட்டார் உதவியோடு ஓடும் சைக்கிள்) வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சைக்கிள் போகலாம் என்று பலகை வைத்த காட்டுப்பாதையைப் பார்த்ததும், நம் வண்டியும் சைக்கிள்தானே என்று இறங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியக் காடுகளைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸின் கணக்கில் இ-பைக் ஒரு மோட்டார் வாகனம். மோட்டார் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அப்படித்தான். இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

படி 1: வண்டி எந்த கிளாஸ்?

ஃபிரேமில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைத் தேடுங்கள். கிளாஸ் எண், மோட்டாரின் வாட், எந்த வேகம் வரை உதவி கிடைக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கும். கிளாஸ் 1 என்றால், மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவும். மணிக்கு 20 மைலை எட்டியதும் உதவி நின்றுவிடும். கிளாஸ் 2-இல் த்ராட்டில் உண்டு, மிதிக்காமலும் போகலாம். வரம்பு அதே 20 மைல். கிளாஸ் 3-இல் மிதிக்கும்போது 28 மைல் வரை உதவி கிடைக்கும். மூன்றிலும் மோட்டார் 750 வாட்டைத் தாண்டக் கூடாது. வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்ட வண்டி இந்த மூன்றிலும் சேராது. கிளாஸ் 1-க்கு மட்டும் திறந்திருக்கும் பாதையில் அதை ஓட்டக் கூடாது. தயவுசெய்து அந்த வேலையில் இறங்காதீர்கள்.

படி 2: நிலம் யாருடையது?

ஒரே மலையில் ஒரு பக்கம் தேசியக் காடாகவும் மறுபக்கம் தேசியப் பூங்காவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் விதி வேறு. தேசியப் பூங்காக்களில் 2020-இல் வந்த விதிப்படி, எந்தப் பாதையில் எந்த கிளாஸ் போகலாம் என்பதை அந்தந்தப் பூங்காவின் கண்காணிப்பாளர் முடிவு செய்கிறார். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வில்டர்னஸ் (இயற்கை நிலையிலேயே விட்டுவைக்கும் காட்டுப்பகுதி) என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சாதாரண சைக்கிளுக்கே அனுமதி கிடையாது.

படி 3: வரைபடத்தைப் படியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். தேசியக் காடுகளுக்கு மோட்டார் வெஹிகிள் யூஸ் மேப் என்று ஒரு வரைபடம் உண்டு. சுருக்கமாக எம்.வி.யு.எம். இலவசமாகவே கிடைக்கும். முதல் தடவை பார்க்கும்போது குழப்பமாக இருக்கும்: கறுப்பு வெள்ளையில் கோடுகள், புள்ளிகள், கோட்டருகே பாதை எண்கள். மலைச்சரிவோ ஓடையோ கண்ணில் எளிதாகப் படாது. அதனால் வழி கண்டுபிடிக்க வேறொரு வரைபடம் கையில் இருக்கட்டும். இது அனுமதியைப் பார்க்க மட்டும்.

படிக்கும் முறை எளிதுதான். நீங்கள் போக நினைக்கும் பாதையின் எண்ணை வரைபடத்தில் தேடுங்கள். அந்தப் பாதையே அதில் இல்லையா? அப்படியானால் அங்கே இ-பைக்கை ஓட்டக் கூடாது. நடப்பவர்களுக்கும் சாதாரண சைக்கிள்களுக்கும் மட்டுமான பாதைகள் இதில் அச்சாவதில்லை. பாதை இருந்தால், ஓரத்தில் உள்ள விளக்கக் குறிப்போடு அதன் கோட்டை ஒப்பிட்டு, எந்த வாகனங்களுக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அட்டவணையில் தேதிகளைப் பாருங்கள். சில பாதைகள் வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கும்.

வரைபடம் அவ்வப்போது மாறும் என்பதால் போன வருடம் இறக்கிய பிரதியை நம்பாதீர்கள். இ-பைக்குகளுக்கு என்றே பாதைகளைத் திறந்துவிடும் நடைமுறையை ஃபாரஸ்ட் சர்வீஸ் 2022-இல் வகுத்தது. ஆகவே புதிதாகச் சில பாதைகள் சேரவும் வாய்ப்புண்டு. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தப் பகுதி ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். “இங்கே இ-பைக் போகலாமா?” என்று பொதுவாகக் கேட்காமல், பாதை எண்ணையும் வண்டியின் கிளாஸையும் சொல்லிக் கேட்டால்தான் தெளிவான பதில் வரும்.

படி 4: பாதை தொடங்கும் இடத்தில்

பலகையைப் படியுங்கள். பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. பலகைகள் விழுந்துவிடும், களவும் போகும். வரைபடத்தைப் பார்த்து நடப்பது ஓட்டுபவரின் பொறுப்பு.

படி 5: பாதையில்

நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும். ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். நம் வண்டி சத்தமில்லாமல், ஏற்றத்திலும் வேகமாக வருவதால் எதிரில் இருப்பவர் திடுக்கிட்டுப் போவார். வளைவுக்கு முன்பே மணி அடியுங்கள்.

குதிரையைக் கண்டால் உடனே நின்று கீழே இறங்குங்கள். முடிந்தவரை பாதையின் பள்ளமான பக்கம் ஒதுங்குங்கள். மிரண்ட குதிரை பெரும்பாலும் மேட்டை நோக்கித்தான் பாயும். அப்புறம் வாய் திறந்து பேசுங்கள். ஒரு முறை நான் ஹெல்மெட்டோடு அசையாமல் நின்றிருந்தேன். எதிரே வந்த குதிரை காதுகளை விறைத்துக்கொண்டு பின்வாங்கியது. “வணக்கம், போங்க” என்று சொன்னதும் காதுகள் தளர்ந்தன. குரல் கேட்டால்தான் நிற்பது மனுஷன் என்று அதற்குப் புரிகிறது.

மழைக்குப் பிறகு டயர் பதிந்து பள்ளம் விழுகிறதா? அங்கேயே திரும்பிவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஓடி ஓடி மண்ணை அரித்துவிடும். பேட்டரி பாதியாகும் முன்பே திரும்புவதும் நல்லது. கனமான வண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வருவது படு சிரமம்.

காரில் ஏற்றும் முன் டயரில் ஒட்டிய சேற்றைச் சுத்தமாகத் தட்டிவிடுங்கள். அதில் களைச்செடி விதைகள் இருக்கும். அடுத்த காட்டுக்கு அவற்றைக் கொண்டுபோக வேண்டாம்.