சியெங் தோங் விகாரை: பின்சுவரிலிருந்து தொடங்குங்கள்

லாவோஸின் பழைய அரச நகரமான லுவாங் பிரபாங்கில், மீகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடும் நிலமுனைக்கு அருகே சியெங் தோங் விகாரை அமைந்துள்ளது. மன்னர் சேத்தாதிராத் 1560ஆம் ஆண்டையொட்டி இதைக் கட்டுவித்தார். தலைநகரை வியன்டியானுக்கு மாற்றியவரும் அவரே. 1887இல் வடக்கிலிருந்து வந்த படையினர் நகரைச் சூறையாடியபோது பல விகாரைகள் அழிந்தன, இது தப்பியது. 1975இல் முடியாட்சி முடிவுக்கு வரும்வரை அரச குடும்பத்தின் பராமரிப்பில் இருந்தது. பெரும்பாலான பயணிகள் முன்வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இந்த விகாரையின் சிறப்புகளில் பாதி பின்சுவரிலும் பக்கக் கட்டடங்களிலும்தான் இருக்கிறது என்பதால், ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு வருவது நல்லது.

வியன்டியானிலிருந்து வருவோருக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய ரயில் வசதியானது. ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து வேன் பிடிக்க வேண்டும். பழைய அரண்மனையிலிருந்து விகாரைக்கு நடந்தே போய்விடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் இதமானவை. மார்ச், ஏப்ரலில் மலைச்சரிவுகளில் காட்டை எரித்து விவசாயத்துக்கு நிலம் தயார்செய்வதால் எழும் புகை, வானத்தையும் படங்களையும் மங்கலாக்கிவிடும்.

தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். வேட்டியோ சேலையோ சுரிதாரோ தாராளமாகப் போதும். கட்டடத்துக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் புத்தர் சிலையை நோக்கிக் காலை நீட்டி உட்காராமல், இரு கால்களையும் ஒரு பக்கமாக மடித்து அமர வேண்டும் என்பதையும், பெண்கள் பிக்குகளைத் தொடவோ அவர்களுக்கு எதையும் நேரடியாகக் கையில் கொடுக்கவோ கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு உள்ளூர்ப் பணமான கிப் கையில் இருக்கட்டும்.

மாலை மூன்றரை மணியளவில் வருவதையே நான் பரிந்துரைப்பேன். முக்கிய மண்டபத்தை லாவோ மொழியில் 'சிம்' என்பார்கள். பிக்குகளுக்குத் துறவு அளிக்கும் இடம் அது. அடுக்கடுக்கான கூரை, தாய்க்கோழி சிறகு விரித்ததுபோல ஏறக்குறைய தரையை நோக்கித் தாழ்ந்து இறங்குகிறது. வாசலில் நிற்காமல் நேரே பின்பக்கம் செல்லுங்கள். மேற்குச் சுவர் முழுவதும் செம்பழுப்புப் பின்னணியில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஒரு பெரிய மரம் பதிக்கப்பட்டிருக்கிறது. சாயும் வெயிலில் இலையிலையாக மின்னும். இந்த இடத்தில் முன்பு ஒரு மாபெரும் மரம் நின்றதாகச் சொல்லும் பழங்கதையின் நினைவாக இதைக் காண்கிறார்கள். பார்ப்பதற்குப் புராதனமாகத் தோன்றினாலும் இது 1960களில் செய்யப்பட்ட வேலை.

அதே பக்கத்தில் சிறிய சிவப்புச் சன்னதி ஒன்று உண்டு. அதன் வெளிச்சுவரில் வயல் வேலை, படகு, வீடு என்று கிராம வாழ்க்கைக் காட்சிகள் கண்ணாடித் துண்டுகளில் விரிகின்றன. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1950களின் இறுதியில் பதிக்கப்பட்டவை இவை. உருவங்கள் சிறியவை என்பதால் சுவரருகே குனிந்து நின்று பாருங்கள், ஆனால் தொடாதீர்கள். உள்ளே சயனக் கோலத்தில் வெண்கலப் புத்தர் இருக்கிறார். 1931இல் பாரிஸ் பொருட்காட்சிக்கு அனுப்பப்பட்ட இச்சிலை, 1964இல்தான் லுவாங் பிரபாங்குக்குத் திரும்பியது. கணுக்காலருகே ஆடையின் விளிம்பு புகைச்சுருள்போல் வெளிநோக்கி எழும் அழகைத் தவறவிடாதீர்கள். லாவோ சிற்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த சில அங்குலங்கள் அவை.

இனி சிம்மினுள் செல்லலாம். கருநிறச் சுவர்களிலும் தூண்களிலும் அச்சுத்தகடு வைத்துப் பொன்னால் தீட்டிய உருவங்களும், விதானத்தில் தருமச் சக்கரங்களும் தெரியும். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் தேவை, ஃபிளாஷ் வேண்டாம். நாக வடிவில் செதுக்கிய நீண்ட மரத்தொட்டி ஒன்றையும் காண்பீர்கள். ஏப்ரல் நடுவில் வரும் லாவோ புத்தாண்டில், இதில் ஊற்றும் நறுமண நீர் வழிந்தோடிப் புத்தர் சிலையை நீராட்டும்.

கடைசியாக, கிழக்கு வாயிலருகே உள்ள தேர்க்கூடம். 1959இல் மறைந்த மன்னர் சிசவாங் வோங்கின் இறுதி ஊர்வலத் தேர் இங்கே நிற்கிறது. ஏறத்தாழ 12 மீட்டர் உயரம், முகப்பில் சீறும் நாகத் தலைகள், மேலே பொன்பூசிய அஸ்திக் கலசங்கள். மேற்கு நோக்கிய வெளிமுகப்பில் பொன்முலாம் பூசிய மரச்சிற்பங்களாக இராமாயணக் காட்சிகள் உள்ளன. லாவோ இராமாயணத்தின் பெயர் 'ஃபா லாக் ஃபா லாம்'. 'லாக்' இலக்குவன், 'லாம்' இராமன். தம்பியின் பெயர் முன்னே நிற்பதும், கதை மீகாங் கரையில் நடப்பதும், இராமனே புத்தரின் முற்பிறப்பாகக் கொள்ளப்படுவதும் கம்பனைப் படித்தவர்களைச் சற்றே நிற்கவைக்கும். காட்சிகளை அடையாளம் காண முயன்றால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

திரும்பும்போது வந்த வாயிலை விட்டு, மீகாங் பக்கத்து வாயில் வழியே படிகளில் இறங்குங்கள். ஆற்றின் வழியே வந்த அரச விருந்தினர்கள் ஏறிய படிகள் இவை. மறுநாள் விடியலில் பிக்குகள் பிச்சைக்கு வரிசையாகச் செல்வதைக் காண விரும்பினால், தெருவின் எதிர்ப்புறத்தில் தள்ளி நின்று, பேசாமல் பாருங்கள். சோறு இட விரும்புவோர் விடுதியில் முன்னிரவே சொல்லிவைத்து, புதிதாக வேகவைத்த ஒட்டரிசிச் சோற்றுடன், பிக்குகளைவிடத் தாழ்வாக அமர்ந்து இட வேண்டும்.