பழைய புல்லட்டுக்கு போல்ட்: மரை, பலம், அப்புறம்தான் முலாம்

பழைய புல்லட்டைப் பிரித்துக் கட்டும்போது பலரும் பளபளப்பைப் பார்த்துத்தான் போல்ட் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டிய வரிசையே வேறு: முதலில் மரை, அடுத்து பலம், கடைசியில் முலாம்.

1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் தொழிற்சாலையின் வடிவமைப்பில்தான் வண்டி கட்டியது. அதனால் பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்), சைக்கிள் மரை, விட்வொர்த், பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்று பிரிட்டிஷ் மரைகள் கலந்து இருக்கும். பின்னால் வந்த வண்டிகளில் மெட்ரிக்கும் சேர்ந்துகொண்டது. கால் அங்குல பிஎஸ்எஃப், கால் அங்குல சைக்கிள் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 26 மரைதான். ஆனால் முன்னதின் கோணம் 55 டிகிரி, பின்னது 60. ஒன்றின் நட் மற்றதில் ஏறிவிடும், பிடிப்பு மட்டும் இருக்காது. 5/16 பிஎஸ்எஃப் போல்ட் 7.94 மி.மீ. என்பதால் எம்8, அதாவது 8 மி.மீ. மெட்ரிக் என்று நினைத்துவிடுவார்கள். எம்8 நட் இரண்டு சுற்று போய் இறுகும். “நல்லா டைட்டா உக்காருது” என்று ஸ்பானர் போட்டால் மரை போச்சு. பிட்ச் கேஜை (மரையின் இடைவெளி அளக்கும் பல் தகடு) மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் அது வேறு மரை.

அந்தக் காலத்து வண்டிகளில் நிறைய போல்ட்டுகளுக்கு கேட்மியம் பூச்சு. அது விஷம். துருப்பிடித்து இறுகிய பழைய போல்ட்டைக் கேஸ் டார்ச்சால் சுட்டுக் கழற்றாதீர்கள், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். மணல்தாளால் உலர்வாகத் தேய்ப்பதும் வேண்டாம்.

இன்று அதற்கு மாற்று ஜிங்க் (துத்தநாகம்), கிளியர் பாசிவேஷனோடு, அதாவது ஜிங்க் அரிப்பதைத் தாமதப்படுத்தும் மெல்லிய ரசாயனப் படலத்தோடு. இரும்பு அரிப்பதற்கு முன் ஜிங்க் தன்னை அரிக்கக் கொடுக்கும். அதனால் ஸ்பானர் பட்ட கீறலில்கூட உடனே துரு ஏறாது. நிக்கலும் குரோமும் அப்படியல்ல, அவை வெறும் மூடிதான். ஊசித்துளை விழுந்தால் ஈரம் உள்ளே இறங்கி, அடியில் இரும்பு வேகமாக அரிக்கும். கடற்கரை ஊர்களில் குரோம் நட்டுகள் புள்ளி புள்ளியாகச் சிவப்பது இதனால்தான். செலவு பரவாயில்லை, உப்புக்காற்றையும் தாங்க வேண்டும் என்றால் ஜிங்க்-நிக்கல் கேளுங்கள். 12 முதல் 15 சதவீதம் நிக்கல் கலந்தது. அதன் சாம்பல் நிறம் கேட்மியத்தை ஒத்தே இருக்கும்.

ஸ்டெயின்லெஸ் எல்லா இடத்துக்கும் ஆகாது. ஏ2-70 என்ற ஸ்டெயின்லெஸ் தர போல்ட்டின் இழுவிசைப் பலம் 700 மெகாபாஸ்கல், தலையில் 8.8 என்று தரம் குறித்த சாதாரண எஃகு போல்ட்டுக்கு 800. வளையத் தொடங்கும் எல்லையில் வித்தியாசம் இன்னும் பெரிது: 450-க்கு எதிராக 640. மட்கார்ட், நம்பர் பிளேட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போடலாம். பிரேக் ஆங்கர், என்ஜின் மவுன்டிங்குக்கு ஜிங்க் பூசிய 8.8 தரமே சரி. கிராங்க்கேஸ் அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டே ஆகவேண்டும் என்றால் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். இல்லாவிட்டால் நாலு மழைக்காலம் கழித்து ஸ்க்ரூ அலுமினிய மரையையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும். சைலன்சர் பைப் பக்கம் பித்தளை நட் போடுங்கள்.

தலையில் தயாரிப்பு முத்திரை உள்ள பழைய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் மறுபூச்சுக்கு அனுப்புவதே மேல். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டை (வெளிமரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைச் சுத்தம் செய்யுங்கள். டை ஓட்டுவது பூச்சுக்கு முன்புதான், பின்னால் ஓட்டினால் கொடுத்த காசு சீவலாக உதிரும். அடியில் பஃப் செய்தால் மேலே பளபளக்கும், மணிகளால் பிளாஸ்ட் செய்தால் மங்கலாக வரும். பழைய வண்டிக்கு மங்கல்தான் அழகு. எண்ணி, அளந்து, படம் எடுத்து வையுங்கள். பட்டறையில் ஒன்றிரண்டு தொலைவது வழக்கம்.

பூச்சு 8 மைக்ரான் போதும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மரையின் சாய்வால் பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) பூச்சின் தடிமனைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கூடும். 8 மைக்ரான் பூசினால் ஏறத்தாழ 35 மைக்ரான். அலங்கார குரோமுக்கு அடியில் வரும் நிக்கலே 20 மைக்ரான் இருக்கலாம், மரையை மூடாமல் அனுப்பினால் நட் ஏறாது. நட்டின் உள்மரைக்குள் மின்னோட்டம் சரியாகப் போவதில்லை, அங்கே பூச்சு மெலிசாகவே படியும்.

ஸ்பிரிங் வாஷர், சர்க்ளிப், 8.8-ஐவிடக் கடினமான 10.9 தர போல்ட்டுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். ஆசிட் தொட்டியிலும் பூச்சுத் தொட்டியிலும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். முறுக்கியபோது சரியாக இருந்த வாஷர் மறுநாள் இரண்டாகக் கிடக்கும். பூசியே ஆகவேண்டிய போல்ட் என்றால், தொட்டியிலிருந்து எடுத்த 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் குறைந்தது 4 மணி நேரம் சுடச் சொல்லுங்கள். பாசிவேஷன் அதற்குப் பிறகுதான், முன்பே செய்தால் சூட்டில் கெட்டுவிடும். வாஷர்களைப் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு போல்ட்டிலும் அதன் நட்டைக் கையாலேயே கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். பாதியில் நின்றால் முறுக்காமல் தனியே எடுத்து வையுங்கள். ஆன்டி-சீஸ் தடவிய மரையில் உராய்வு குறைவதால், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்கை (முறுக்கு அளவை) அப்படியே போட்டால் போல்ட் கூடுதலாக இழுபடும். அளவைக் குறைத்துத்தான் முறுக்க வேண்டும்.