கட்டிலுக்கு அடியில் ஒளியும் குட்டி: அன்பின் அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டுக்குச் செவலை வந்தது ஆனி மாதத்து மழை நாளொன்றில். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அந்த மாதத்தில் மழை பிடித்தால் நாள் முழுக்க விடாது. தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, பின்னால் ஈன்ற நாயின் குட்டி அது. மாமா அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இஸ்தோப்பில் (வீட்டின் முன்திண்ணையில்) இறக்கிவிட்டார். கால் மணி நேரத்துக்குள் லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள், அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருவர் தூக்க, இன்னொருவர் வாங்க, குட்டி எப்படியோ நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. "குளிர் தாங்கவில்லை போல" என்றார் அம்மாயி. நான் தரையில் படுத்துக் கையை நீட்டி, அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தெடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டேன். என் சட்டை நனைந்தது. பயத்தில் மூத்திரம் போயிருந்தது.

அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு என் கையைக் கண்டாலே செவலை ஒடுங்கியது. சோறு வைத்த கையும் அதுதான், இழுத்த கையும் அதுதான். குட்டிக்கு நினைவில் நின்றது இழுத்த கை.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் வளர்ந்த குட்டிகளும், அக்கம்பக்கத்தில் நான் பார்த்த குட்டிகளும் எனக்குச் சொல்லித்தந்தது இதுதான்: பயந்த குட்டியிடம் நாம் போகக் கூடாது, அது நம்மிடம் வர வேண்டும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

முதல் தவறு குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நம் பக்கங்களில் கண் திறந்து தத்தித்தத்தி நடக்கத் தொடங்கியதுமே குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். நாலு வாரம், சில வேளை அதற்கும் குறைவு. "சின்னதிலேயே எடுத்தால்தான் ஒட்டும்" என்ற பேச்சு வேறு. குறைந்தது எட்டு வாரமாவது குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்தும், தாய் உறுமினால் எப்போது விலக வேண்டும் என்பதையெல்லாம் அது அந்த வாரங்களில்தான் படிக்கிறது. அந்தப் பாடத்தைத் தவறவிட்ட குட்டி, பயப்படுவதோடு பல்லின் அளவும் தெரியாமல் வளரும். கொடுப்பவர் அவசரப்படுத்தினால், தாய் இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்த்துப் பழகுங்கள். போகும்போது ஒரு பழைய துணியைத் தாயின் படுக்கையில் போட்டுவைத்துவிட்டு, குட்டியை எடுக்கும் நாளில் துணியையும் சேர்த்து எடுத்து வாருங்கள். அந்த வாசனை முதல் இரவில் நமது நூறு கொஞ்சல்களைவிட உதவும்.

அடுத்தது, வந்த நாளையே திருவிழா ஆக்கிவிடுவது. லயத்து வாழ்க்கையில் இதைத் தடுப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை), ஒரே சுவருக்கு அப்பால் அடுத்த வீடு, இஸ்தோப்பு எல்லோருக்கும் பொது. குட்டி வந்த செய்தி காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் முன்பே மலை முழுக்கப் பரவிவிடும். ஆனாலும் முதல் மூன்று நாளாவது வீட்டாரைத் தவிர யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனம் கோணுவார்கள், பிறகு சரியாகிவிடும். அந்த மூன்று நாளில் குட்டிக்கு வேண்டியது ஒரு மூலை மட்டும். எங்கள் வீட்டில் பழைய கொழுந்துக் கூடையைச் சரித்துவைத்து, உள்ளே சாக்கும் கம்பளித் துண்டும் போட்டு, மேலே ஒரு துணியால் மூடிவிடுவோம். அது குட்டியின் வீடு. அதற்குள் போன குட்டியை யாரும் கூப்பிடக் கூடாது, கைவிட்டு எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த ஒரு சட்டத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

குட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால்? கிடக்கட்டும். பக்கத்தில் தண்ணீரும் சாப்பாடும் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையில், அதற்கு முகம் காட்டாமல் பக்கவாட்டாக உட்காருங்கள். பயறு பொறுக்கலாம், வெங்காயம் உரிக்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். குட்டியின் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். நாய்களுக்குள் உற்றுப் பார்ப்பது மிரட்டல். அவித்த கோழி இறைச்சியோ முட்டையோ சிறு துண்டாக, கால் பக்கம் ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று என்று போட்டுவையுங்கள். முதல் நாள் நீங்கள் எழுந்துபோன பிறகுதான் எடுக்கும். அடுத்த நாள் நீங்கள் இருக்கும்போதே எடுக்கும். ஒருநாள் உங்கள் முழங்காலை முகர்ந்துவிட்டு ஓடிவிடும். அப்போது கையை நீட்டிவிடாதீர்கள்! நீட்டத்தான் மனம் துடிக்கும். அது இரண்டாம் முறை, மூன்றாம் முறை தானாக வந்து நிற்கும்போது, கையைக் கீழிருந்து கொண்டுபோய் மார்பையோ தாடையையோ தடவுங்கள். தலைக்கு மேலிருந்து இறங்கும் கை, குட்டிக்கு அடிக்க வரும் கை போலத்தான் தெரியும். மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். இன்னும் வேண்டுமென்றால் அது நெருங்கி வரும். வேண்டாம் என்றால் தலையைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அதன் வாயில்லாப் பேச்சு அது.

உறுமலும் அந்தப் பேச்சில் ஒரு சொல். உறுமியதற்காக அடித்தால் குட்டி உறுமலை நிறுத்திவிடும், பயத்தை நிறுத்தாது. பிறகு ஒருநாள் எச்சரிக்காமலே கடிக்கும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் பல நாய்களிடம் இந்தக் கதை இருக்கிறது.

பயந்த குட்டியைத் தேற்றக் கூடாது, தேற்றினால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பயம் என்பது செய்யும் குறும்பு அல்ல, பரிசு கொடுத்து வளர்த்துவிட முடியாது. குட்டி உங்கள் காலடிக்கு வந்து ஒண்டினால் இருக்க விடுங்கள், மெல்லப் பேசுங்கள். அது விலக நினைக்கும்போது இறுக்கிப் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

முதல் இரவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "இப்போதே வெளியில் பழகட்டும்" என்று குட்டியைக் கோடிப்புறத்தில் கட்டிவிடுவது நம் ஊரில் சாதாரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் அங்கே புல்லில் உறைபனி படியும். தாயின் வயிற்றுச் சூட்டில் கூடப்பிறந்தவற்றோடு குவியலாகத் தூங்கிய உயிர், அந்தக் குளிரில் தனியே கட்டப்பட்டால் கத்தும். கத்தி யாரும் வராவிட்டால் ஓய்ந்துவிடும். பழகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம், அது நம்பிக்கையை விட்டுவிட்டிருக்கிறது. தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது என்பதையும், நாய் அதற்கு எளிய இரை என்பதையும் இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. குறைந்தது முதல் சில வாரம் உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் படுக்கவையுங்கள். ஒரு போத்தலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, துணி சுற்றிக் கூடைக்குள் வைத்தால் கட்டிக்கொண்டு தூங்கும். நடு இரவில் முனகினால் பெரும்பாலும் மூத்திரம் முட்டியிருக்கும். பேச்சில்லாமல் வெளியே கொண்டுபோய்விட்டு வந்து படுக்கவிடுங்கள்.

வீட்டுக்குள் ஈரம் பண்ணிவிட்டால் மூக்கைத் தேய்ப்பது, விளக்குமாற்றை ஓங்குவது இரண்டும் வேண்டாம். பயந்த குட்டி உங்கள் குரல் உயர்ந்தாலே நின்ற இடத்தில் விட்டுவிடும். அதற்கு அடித்தால் இன்னும் விடும். துடைத்துவிட்டு, தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

இனிச் சத்தம். மலையகத்தில் குட்டி வளர்ப்பவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியது இதைத்தான். தகரக் கூரையில் கொட்டும் மழை, ஸ்டோர் இயந்திரம், ரயிலின் ஊதல், கோயில் லவுட் ஸ்பீக்கர், காமன்கூத்து நாட்களில் விடிய விடியத் தப்பு மேளம், தீபாவளிக்கும் சித்திரைக்கும் வெடி. மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை. நாயின் காது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே கேட்கும். இதில் நம்மவர்கள் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைச் செய்கிறார்கள். ஒரு சாரார் "பயம் தெளியட்டும்" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு தப்பு அடிக்கும் இடத்துக்கே போவார்கள். குட்டி அசையாமல் கிடக்கும். தெளிந்துவிட்டது என்பார்கள். அது உறைந்துபோயிருக்கும். மறு சாரார் தடுப்பூசிகள் முடியும்வரை வீட்டை விட்டே எடுக்க மாட்டார்கள். நாய்க்குட்டி உலகத்தை "இது பரவாயில்லை" என்று ஏற்றுக்கொள்ளும் வயது மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் எளிதாக இருக்கும். ஊசித் தொடரோ பதினாறு வாரம் அளவில்தான் முடிகிறது. காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அதற்காக எல்லா நாய்களும் திரியும் பாதையில் இறக்கிவிடவும் கூடாது. பார்வோ நோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். நடுவழி ஒன்று இருக்கிறது. குட்டி தூக்க இடம்கொடுக்கப் பழகிய பிறகு, கூடையில் அல்லது கையில் வைத்தபடி உலகத்தைக் காட்டுங்கள். கொழுந்து நிறுக்கும் இடம் தெரியும் தூரத்தில் ஐந்து நிமிடம். பஸ் நிற்கும் சந்திக்கு நூறு யார் தள்ளி ஐந்து நிமிடம். காது பின்னால் போய், வால் வயிற்றுக்குள் நுழைந்து, கொடுத்த இறைச்சியைத் தின்ன மறுத்தால் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அது தின்னும் தூரம் வரை பின்வாங்குங்கள்.

செவலைக்குப் பாண் (ரொட்டி) விற்கும் வண்டியென்றால் உயிர் போய்விடும். காலையில் அந்த ஆட்டோ பீத்தோவனின் மெட்டைப் பாடிக்கொண்டு வளைவில் திரும்பியதுமே அடுப்படிக்குள் ஓடும். கடைசியில் அந்த மெட்டைத் தொலைபேசியில், எங்களுக்கே சரியாகக் கேட்காத அளவு மெல்லமாகப் போட்டு, போடும்போதெல்லாம் முட்டைத் துண்டு கொடுத்தோம். நாளுக்கு நாள் சத்தத்தை ஒரு நூல் கூட்டினோம். நாலு வாரத்தில் வண்டி வந்தால் அடுப்படிக்குப் பதில் என் முகத்தைப் பார்த்து நின்றது. வெடிக்கு இந்த முறையை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். தீபாவளியன்று தொடங்கிப் பயனில்லை. அன்று கதவைச் சாத்தி, ரேடியோவைப் போட்டு, கூடை மூலையில் அதனோடு யாராவது இருங்கள்.

சாப்பாட்டில் ஒரு சொல் மட்டும். வெங்காயம் போட்ட கறிச்சோறு, சொக்லேட், முந்திரிகை வற்றல், வெந்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும்.

கணவன் மனைவி இரண்டு பேரும் மலைக்கு வேலைக்குப் போகிற வீடுகளில் குட்டியை நாள் முழுக்கத் தனியே விடும் கட்டாயம் வருகிறது. வந்த மறுநாளே எட்டு மணி நேரம் விட்டுப்போனால் பயந்த குட்டி உடைந்துவிடும். முடிந்தால் வேலையில்லாத இரண்டு நாள் சேரும்போது குட்டியை எடுங்கள். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு ஐந்து, பிறகு அரை மணி. வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் அதைவிடப் பெரிய வரம் குட்டிக்கு இல்லை. செவலை முதலில் நம்பியது எங்கள் அம்மாயியைத்தான். அவர் அதை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்.

எல்லா ஒடுக்கமும் சுபாவம் அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. பூச்சி நிறைந்த வயிறு, உண்ணியும் தெள்ளும் இரத்தம் உறிஞ்சி வெளிறிய ஈறு, கால் வலி இவை எதுவும் குட்டியை மூலையில் முடக்கும். முதல் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டி ஒளிந்துகொண்டே இருந்து, எச்சில் ஒழுகவிட்டு, விழுங்க முடியாமல் தவித்து, சுபாவம் திடீரென மாறினால் அதைத் தொட வேண்டாம். விசர் நோயாக (வெறிநாய்க்கடி நோயாக) இருக்கலாம், உடனே மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். எந்தக் குட்டி பிறாண்டினாலும் கடித்தாலும் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். "குட்டிதானே" என்று விடுவதும், திட்டு விழும் என்று பிள்ளைகள் காயத்தை மறைப்பதும் உயிருக்கே உலை வைப்பவை. சொன்னால் அடிக்க மாட்டோம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குட்டிக்கான விசர்நாய்த் தடுப்பூசியை எந்த வயதில் போடுவது என்று முதல் வருகையிலேயே கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒருமுறை தேறிய குட்டி மறுபடி பயந்தால் பட்ட பாடெல்லாம் வீணாய்ப் போயிற்று என்று கைவிடுவது. ஆறு மாதத்துக்குப் பிறகு, வளர்கிற வயதில், பல நாய்கள் இன்னொரு தடவை அப்படித் தடுமாறும். ஏழு மாதத்தில் செவலை, தினம் பார்க்கிற அண்ணன் ஒருவர் மழைக்குப் படங்கு போர்த்திக்கொண்டு வந்ததைக் கண்டு கத்திக் கத்திக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இந்த முறை நான் கையை நீட்டவில்லை. அண்ணனிடம் படங்கைக் கழற்றி இஸ்தோப்பில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னோம், படங்கைச் சுற்றி நாலு துண்டு முட்டை வைத்தோம். அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது வெளியே வந்து, முட்டையைத் தின்றுவிட்டு, படங்கின் ஓரத்தை நீண்ட நேரம் முகர்ந்துகொண்டிருந்தது.